படிக்குமுன் எண்ணிப் பார்ப்போம்!
("கொற்கை" என்னும் புதினத்தை முன்வைத்து ஒரு பாடம்)

புத்தகம் ஒன்று கைக்கு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? சிலர் முதல் பக்கத்தில் குதித்து விடுகிறோம். சிலர் பொறுமையின்றிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "யார் இறந்தார், யார் மணந்தார்" என்று பார்த்துவிட்டு மூடி விடுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே நல்ல வழி ஒன்று உண்டு. தோணியை அவிழ்க்குமுன் தண்டல் காற்றையும் நீரோட்டத்தையும் வானத்தையும் பார்க்கிறார் அல்லவா? அதுபோல நூலுக்குள் இறங்குமுன் சற்று நின்று, "இந்நூல் நமக்கு என்ன சொல்லப் போகிறது?" என்று எண்ணிப் பார்ப்பதே அவ்வழி. இதனை ஊகித்தல் என்கிறோம்.

எல்லாக் கதைகளையும் ஊகிக்கலாம். ஆனால் வரலாற்றுப் புதினத்தை ஊகிப்பது தனிக்கலை. அதிலும் நம் சொந்தக் கரையின் வரலாற்றைக் கூறும் புதினமானால், அந்த ஊகம் நம்மை நமக்கே காட்டும் கண்ணாடியாகி விடுகிறது. அதனால்தான் ஜோ டி குரூஸ் எழுதிய "கொற்கை" என்னும் புதினத்தை இப்பாடத்திற்கு எடுத்துக்கொண்டோம். 2009-ஆம் ஆண்டு வெளிவந்து, 2013-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் இது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. ஆகவே மேல்வகுப்பு மாணவியர் பெற்றோரையும் ஆசிரியரையும் கலந்துகொண்டு படிப்பது நலம். ஆனால் ஊகிக்கும் முறையை ஆறாம் வகுப்பு மாணவியும் பழகலாம்.

வரலாற்றுப் புதினம் என்பது யாது?

அரசனும் வாளும் குதிரையும் வந்தால்தான் வரலாற்றுப் புதினம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. ஐரோப்பாவில் இவ்வகை நூலுக்கு வழிகாட்டியாகக் கருதப்படும் வால்டர் ஸ்காட், 1814-இல் வெளியிட்ட "வேவர்லி" என்னும் நூலுக்கு, அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று பொருள்படும் துணைப்பெயரைச் சூட்டினார். அறுபது ஆண்டு என்றால் எவ்வளவு? நம் பாட்டியின் இளமைக்காலம்! அக்கணக்கில் பார்த்தால் பாட்டி கண்ட தூத்துக்குடியும் வரலாறே. தமிழில் முதல் வரலாற்றுப் புதினம் எனப்படும் "மோகனாங்கி" 1895-இல் வந்தது. அதனை எழுதியவர் திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப் பிள்ளை.

மற்றக் கதைகளில் முடிவு ஆசிரியர் கையில் இருக்கிறது. வரலாற்றுப் புதினத்திலோ பாதி முடிவு முன்பே நடந்து முடிந்து விட்டது. 1950 முதல் 1954 வரை "கல்கி" இதழில் "பொன்னியின் செல்வன்" தொடராக வந்தபோது, அருள்மொழிவர்மர் கடலில் மாண்டு விடுவாரோ என்று வாசகர் கலங்கினர். வரலாறு அறிந்தவர்களோ, 985-ஆம் ஆண்டில் ராஜராஜன் என்ற பெயருடன் அரியணை ஏறப் போகிறவர் அவர், ஆகவே மாளமாட்டார் என்று அமைதியாக இருந்திருப்பார்கள். ஆனால் படகோட்டும் பூங்குழலி என்ன ஆவாள்? அது வரலாறு அறிந்தவருக்கும் தெரியாது. ஏனெனில் அவள் ஆசிரியரின் கற்பனையில் பிறந்தவள்.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. பெரிய நிகழ்ச்சிகளை அறிவைக் கொண்டு ஊகிக்கலாம். சிறிய மனிதரின் கதியை மனித இயல்பைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும்.

குறிப்பேட்டில் நான்கு கோடு

ஊகம் சோதிடம் அன்று. காரணம் இல்லாத ஊகம் வெறும் வாய்ப்பந்தல். ஆகவே குறிப்பேட்டின் பக்கத்தை நான்காகப் பிரித்துக்கொள்வோம். முதற் பகுதியில் ஊகம், இரண்டாவதில் அதற்கான ஆதாரம், மூன்றாவதில் "நான் இப்படி நடக்க விரும்புகிறேனா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற விடை, நான்காம் பகுதி வெறுமையாக இருக்கட்டும். நூலைப் படித்தபின் கண்டதை அங்கே எழுதுவோம். மூன்றாம் பகுதி எதற்கு என்பது போகப்போக விளங்கும்.

இனி "கொற்கை"யைத் திறக்காமலே அதனருகில் செல்வோம்.

முதல் வாசல்: பெயர்

நூலின் பெயர் "கொற்கை". கதை நடப்பதோ 1914 முதல் 2000 வரை, தூத்துக்குடியில். பெயருக்கும் காலத்திற்கும் பொருத்தம் இல்லையே! பொருந்தாத இடத்தில்தான் நல்ல ஊகம் பிறக்கும். அங்கே நிற்போம்.

கொற்கை பாண்டியரின் துறைமுகம். சங்கப் புலவர் அதன் முத்தைப் பாடினர். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்குமுன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட "பெரிப்ளூஸ்" என்னும் கடல்வழி நூலும், அதன்பின் வந்த தாலமியின் நூலும் அதைக் குறிப்பிடுகின்றன. இன்று கொற்கைக்குச் சென்று கடலைத் தேடினால் காண முடியாது. வயலும் வாழையும் குளமும்தான் உண்டு. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை கிழக்கே நகர்ந்து விட்டது. கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

கடல் போனதும் வணிகமும் போயிற்று. அடுத்துக் காயல் எழுந்தது. இன்று பழையகாயல் என்று நாம் அழைக்கும் அவ்வூரின் சிறப்பைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்தார். கொற்கையையும் காயலையும் அகழ்ந்து பார்த்து, அவை பழைய துறைமுகங்களே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதியவர் கால்டுவெல் ஆயர். காயலையும் மணல் மூடிய பின் ஆற்றின் முகத்துவாரத்தில் சிறந்தது எது? நம் புன்னைக்காயல்! பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இங்கே தங்கினர். தமிழ் கற்றுத் தமிழிலே நூல் எழுதி அச்சேற்றிய அன்றிக் அன்றிக்கஸ் அடிகளார் இங்கே பணிபுரிந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" அவருடைய உழைப்பே. பின்னர் அச்சிறப்பும் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தது.

கொற்கை, காயல், புன்னைக்காயல், தூத்துக்குடி! ஒன்று தாழ ஒன்று எழுந்த வரிசை இது. இதை அறிந்தபின் பெயரை மீண்டும் பார்ப்போம். இரண்டு ஊகங்கள் தோன்றுகின்றன.

ஒன்று: "தூத்துக்குடியே இன்றைய கொற்கை, இடம் மாறினாலும் கடலோடிகள் மாறவில்லை" என்று ஆசிரியர் பெருமையுடன் சொல்லப் போகிறார். மற்றொன்று: "அன்று கொற்கைக்கு நேர்ந்தது இன்றும் நேரலாம், துறைமுகம் இருக்கும், அதை ஆண்டவர் கையில் அது இராது" என்று எச்சரிக்கப் போகிறார். ஒரே பெயர் பெருமையும் ஆகலாம், எச்சரிக்கையும் ஆகலாம். நீங்கள் எதை எழுதுவீர்கள்? எதை எழுதினாலும் இரண்டாம் பகுதியில் காரணத்தையும் எழுதுங்கள்.

இரண்டாம் வாசல்: காலம்

1914 என்றதும் முதல் உலகப்போர் நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது. வ. உ. சிதம்பரனார் சிறையிலிருந்து விடுதலையாகி இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. 1906-இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி அதற்குள் வீழ்ந்திருந்தது. ஆகவே, "வ. உ. சி.யின் நினைவு மாந்தர் பேச்சில் வரும்" என்று ஊகிப்பது எளிது.

ஆனால் 1914-இல் இன்னொன்றும் நடந்தது. அதைப் பலர் எண்ணுவதில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் ரயிலில் தூத்துக்குடி வந்து, இங்கிருந்து கப்பல் ஏறினர். பாலம் வந்தபின் போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சிறு கடற்பயணம் போதுமானதாயிற்று. அதாவது, பயணிகளின் பெருவழி தூத்துக்குடியை விட்டு விலகிய ஆண்டு அது. இனித் தூத்துக்குடி எதைக் கொண்டு வாழும்? சரக்கைக் கொண்டு! ஆகவே நம் ஊகம்: "இது பயணிகளின் கதையாக இராது, உப்பும் பஞ்சும் ஏற்றும் தோணிகளின் கதையாக இருக்கும்."

இனி மறுமுனையைப் பார்ப்போம். பழைய துறைமுகத்தில் கடல் ஆழமில்லை. பெருங்கப்பல்கள் கரைக்குச் சில மைல் தொலைவிலேயே நங்கூரம் இட்டன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை தோணிகள். அத்தோணிகளால் வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ! பிறகு ஆழ்கடல் துறைமுகம் கட்டப்பட்டு, 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் நேரே வந்து மேடையை ஒட்டி நிற்கிறது. நாட்டுக்கு நல்ல காலம். இடையில் நின்ற தோணிக்கு? கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடும் தோணிகள் இருந்தன என்பது உண்மை. ஆயினும், "துறைமுகம் வளர வளர, தோணிக்காரரின் ஒரு பங்கு வேலை குறையும், இந்நூலில் அந்த வலி பேசும்" என்று ஊகிக்க நமக்குப் போதிய ஆதாரம் இருக்கிறது.

முத்து வருமா? வரும் என்றே எல்லோரும் எழுதுவோம். ஆனால் எவ்வளவு வரும் என்று கேட்க வேண்டும். முத்துச் சலாபம் ஆண்டுதோறும் நடப்பதன்று. சிப்பி விளையாத காலத்தில் பல ஆண்டுகள் கடந்து விடும். 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்பே தூத்துக்குடிக் கடலில் கடைசியானது. எண்பத்தாறு ஆண்டுக் கதையில் முத்து சில ஆண்டுகள்தான் ஒளி வீச முடியும். ஆகவே "முத்து நினைவாக அதிகமும் நிகழ்ச்சியாகக் குறைவும் வரும்" என்பது நல்ல ஊகம். "பக்கத்துக்குப் பக்கம் முத்து" என்பது ஆதாரமற்ற ஊகம்.

மூன்றாம் வாசல்: ஆசிரியர்

ஜோ டி குரூஸ் உவரியில் பிறந்தவர். கப்பல் தொழிலில் பணியாற்றியவர். 2004-இல் வந்த "ஆழி சூழ் உலகு" அவருடைய முதற் புதினம். அது மீனவர் வாழ்வைக் கூறுவது. இதிலிருந்து என்ன ஊகிக்கலாம்? கரையில் பிறந்தவர் ஆதலால் மொழி ஏட்டுத் தமிழாக இராது. கடற்கரைப் பேச்சாக இருக்கும். வெளியூர் வாசகருக்கு அகராதி தேவைப்படும் சொற்கள் நமக்கு வீட்டுச் சொற்களாக இருக்கும். கப்பல் தொழில் அறிந்தவர் ஆதலால் கடலின் அழகை மட்டும் பாடமாட்டார். வாடகை, கடன், பங்கு, ஏற்றுமதி என்று கணக்கையும் காட்டுவார்.

மாந்தரின் பெயர்களையும் ஊகிக்கலாம். பர்னாந்து, மோத்தா, கொரைரா, ரோச், வில்லவராயர் என்று நம் வகுப்பு வருகைப்பதிவேட்டைப் போலவே இருக்கக்கூடும்! பாண்டியபதி எனப்பட்ட சாதித்தலைவரும் வரலாம். வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்னும் ஏழு கடற்றுறைகளுக்கும் தலைமை தாங்கிய குடும்பம் அது. ஏழில் ஒன்று நம் ஊர். ஆகவே, "புன்னைக்காயல் இந்நூலில் எங்காவது தலைகாட்டும், ஆனால் நடுவில் நிற்காது" என்று எழுதி வைப்போம்.

நான்காம் வாசல்: யாருடைய கண்?

வரலாற்றுப் புதினத்தில் "என்ன நடக்கும்?" என்பதைவிடப் பெரிய கேள்வி, "யாருடைய கண்ணால் காட்டப்படும்?" என்பதே. முதலாளியின் கண்ணுக்குத் துறைமுகம் இலாபம். தண்டலுக்கு அது கடமை. சுமை தூக்குபவருக்கு அது முதுகுவலி. ஒரே ஊர், மூன்று வரலாறு.

பெண்ணின் கண்ணுக்கு? கடல் தொழில் ஆண்களுடையது. ஆகவே பெண்கள் குறைவாகவே வருவர் என்று ஊகிக்கத் தோன்றும். சற்று எண்ணிப் பார்ப்போம். முத்துக் குளிக்க மூழ்குபவரின் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிப்பவர் பெரும்பாலும் மைத்துனராக இருப்பது வழக்கம் என்பர். ஏன்? தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதை அவர் மறக்கமாட்டார். பெண் தோணியில் இல்லை. ஆனால் கயிற்றின் இரு முனையும் அவளுக்காகவே. ஆண் கடலில் இருக்கும் நாட்களில் கடனுக்குப் பதில் சொன்னவள் யார்? மீனை விற்று அரிசி கொண்டு வந்தவள் யார்? பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவள் யார்? "பெண்கள் கதையில் முன்னே நிற்பாரா, கயிற்றைப் போல மறைந்து நிற்பாரா?" என்பதை ஊகமாக எழுதுவோம். முதல் நூறு பக்கங்களில் பெயர் சொல்லிப் பேசும் பெண்களை எண்ணி, நான்காம் பகுதியில் குறிப்போம்.

விருப்பமும் ஊகமும் ஒன்றல்ல

இனி மூன்றாம் பகுதிக்கு வருவோம். நம்மில் ஒருத்தி, "நம் முன்னோர் அனைவரும் வீரராகவும் நேர்மையாளராகவும் வருவர்" என்று ஊகித்தால், அதற்கு ஆதாரம் என்ன? ஒன்றும் இல்லை. அவ்வாறு வர வேண்டும் என்று அவள் விரும்புகிறாள், அவ்வளவே. விருப்பம் தவறன்று. ஆனால் விருப்பம் ஊகத்தின் உடையை அணிந்துகொண்டு வரும்போது நாம் ஏமாந்து போகிறோம்.

1535-ஆம் ஆண்டைத் தொடர்ந்து இக்கரை மக்கள் திருமறை தழுவினர். 1542-இல் தூய சவேரியார் வந்தார். இவற்றைப் பெருமையுடன் கேட்டு வளர்ந்த நாம், நம் ஊரைப் பற்றிய நூல் நம்மைப் புகழ்ந்தே பேசும் என்று எதிர்பார்க்கிறோம். எழுதுபவர் நம்மவர் என்றால் அந்த எதிர்பார்ப்பு இன்னும் வளர்கிறது. ஆனால் கேளுங்கள்: எண்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்த ஓர் ஊரில் பொறாமை இல்லாமல் இருந்திருக்குமா? சொத்துத் தகராறு, சாதிப் பூசல், ஏழையை ஏய்த்தல், குடி ஆகியவை இல்லாமல் இருந்திருக்குமா? நாம் மதிக்கும் தலைவரிடத்தும் கோயிலைச் சேர்ந்தவரிடத்தும் ஒரு குறையும் இருந்திராதா? இருந்தவற்றை எழுதுபவர் நம்மை வெறுப்பவர் அல்லர். வீட்டிலுள்ள நோயை மருத்துவரிடம் மறைக்கும் குடும்பத்தில் நோய் தீருவதில்லை.

ஆகவே நாம் விரும்பாத ஒன்றையும் ஊகமாக எழுதும் துணிவு வேண்டும். "நம் மக்கள் தம் கையிலிருந்த தொழிலைப் பிறரிடம் இழந்ததற்குத் தாமும் ஒரு காரணம் என்று இந்நூல் சொல்லலாம்" என்று ஒருத்தி எழுதி, மூன்றாம் பகுதியில் "இல்லை, விரும்பவில்லை" என்றும் எழுதினால், அவளே சிறந்த வாசகி. அந்தப் பக்கம் வரும்போது அவள் நூலைச் சினந்து மூடமாட்டாள், சிந்தித்துத் தொடர்வாள்.

ஊகம் தவறினால்?

தவறட்டும்! சரியாகச் சொன்ன ஊகத்திற்குப் பரிசு இல்லை. தவறிய ஊகத்திலேதான் பாடம் இருக்கிறது. தவறியதற்கு மூன்று காரணங்களுள் ஒன்று இருக்கும். வரலாறு நமக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் நூலகத்திற்குச் செல்வோம். ஆசிரியர் கதைக்காக வரலாற்றை மாற்றியிருக்கலாம். அது புதினத்திற்கு உள்ள உரிமை. ஆனால் எது மாற்றம் என்று அறிவது நம் கடமை. அல்லது நம் விருப்பம் நம் கண்ணை மறைத்திருக்கலாம். அப்போது மூன்றாம் பகுதியைப் பார்த்தால் உண்மை விளங்கி விடும்.

புதினத்தைச் சான்றாகக் காட்டி, "இப்படித்தான் நடந்தது" என்று தேர்வுத்தாளில் எழுதக்கூடாது. சான்றுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைக் கல், துறைமுக அறிக்கை, பழைய கடிதம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாத்தா பாட்டியரின் நினைவு! கப்பலில் சரக்கு ஏற்றிய கையும், வலை பொத்திய கையும் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. நூலில் படித்ததை அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் அதையும் குறித்து வையுங்கள். நூலும் பாட்டியும் முரண்படும் இடத்தில்தான் நம் ஊரின் வரலாற்றை நாமே ஆராயத் தொடங்குகிறோம்.

பயிற்சி

1. "கொற்கை" என்னும் பெயர் பெருமையா, எச்சரிக்கையா? இரண்டு காரணங்களுடன் எழுதுக.
2. 1914-இல் தொடங்கும் கதை 2000-இல் முடிவதேன்? அவ்விடைக்காலத்தில் தூத்துக்குடியை மாற்றிய மூன்று நிகழ்ச்சிகளை ஆண்டுடன் குறித்து, அவற்றுள் எது கதையில் பெரிதாக வரும் என்று ஊகிக்க.
3. இந்நூலில் வரக்கூடாது என்று நீ விரும்பும் ஒன்றை எழுதுக. அது வருவதற்கு ஆதாரம் உண்டா?
4. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், "உங்கள் இளமையில் தோணித்துறை எப்படி இருந்தது?" என்று கேட்டு அரைப்பக்கம் எழுதுக.
5. கீழ்வகுப்பு மாணவியர் "பொன்னியின் செல்வன்" முதல் பாகத்தின் அட்டையையும் அத்தியாயத் தலைப்புகளையும் மட்டும் பார்த்து ஐந்து ஊகங்கள் எழுதுக.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை நூலைத் திறக்குமுன், "இதில் என்ன இருக்கும் என்று நினைக்கிறாய்? ஏன்?" என்று ஒரு முறை கேளுங்கள். அவள் படித்து முடித்தபின், "நீ நினைத்ததற்கு மாறாக என்ன கண்டாய்?" என்று மறுமுறை கேளுங்கள். இவ்விரு கேள்விகளுக்கும் பணச்செலவு இல்லை. இரண்டுக்கும் விடை சொல்லிப் பழகிய பெண், நூலை மட்டுமன்று, நாளை தன்னிடம் வந்து பேசும் எவருடைய சொல்லையும் ஆதாரம் கேட்டே ஏற்றுக்கொள்வாள்.

மாணவியரே, குறிப்பேட்டை எடுங்கள். நான்கு கோடு இடுங்கள். முதல் ஊகத்தை எழுதுங்கள். அதன்பின் நூலைத் திறக்கலாம்!